வராதவர்களின் வாக்கு

ராஜபாயின் அப்பாவை அடக்கம் செய்யக் கொண்டுபோன அன்று, சவப்பெட்டி நாற்பது நிமிடம் பாதையோரத்துப் பலாமரத்தடியில் காத்திருந்தது. கூவைவிளையிலிருந்து கல்லறைத் தோட்டத்துக்கு இருப்பது ஒரே பாதை. அந்தப் பாதையில் கல் ஏற்றிய டிப்பர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கிக்கொண்டிருந்தன. போதகர் இரண்டு முறை ஜெபத்தைத் தொடங்கி, இரண்டு முறையும் ஹாரன் சத்தத்தில் நிறுத்திக்கொண்டார். பதினேழாவது லாரி போன பிறகுதான் பெட்டியைத் தூக்க முடிந்தது. அதற்குள் மேலே விரித்திருந்த வெள்ளைத் துணி சிமெண்ட் நிறத்துக்கு வந்திருந்தது.

"உயிரோட இருந்தப்போ ஒரு கல்யாண வீட்டுலகூட இத்தற நேரம் நிண்ணதில்ல டீச்சர் எங்கப்பா" என்றாள் ராஜபாய். அழுது முடித்தவளின் குரல் அது.

ஜெபகுமாரி டீச்சர் அவள் பக்கத்தில் நடந்தார். ஊர்ப் பேரவையின் செயலாளர் அவர்தான். அந்தப் பதவிக்கு வேறு யாரும் ஆசைப்படாததால் ஒன்பது வருடமாக அவரே இருக்கிறார். முப்பத்திரண்டு வருடம் அரசு தொடக்கப் பள்ளியில் வேலை பார்த்தவர். பதினோரு தேர்தல்களில் வாக்குச்சாவடிப் பணிக்குப் போனவர். எந்த வாக்குச்சாவடியையும் ஒரு நிமிடம் முன்னதாகவோ பின்னதாகவோ மூடியதில்லை. ஒழுங்காகக் கேட்டால் ஒழுங்காகப் பதில் கிடைக்கும் என்று அறுபத்தொரு வயதிலும் நம்பிக்கொண்டிருந்தார்.

மறுநாள் அவர் தாலுகா ஆபீசுக்குப் போய், எங்கள் ஊர்ப் பாதையில் லாரி விட யார் அனுமதி கொடுத்தது என்று கேட்டார். அங்கிருந்த அதிகாரி கோப்பைப் புரட்டி ஒரு கடிதத்தைக் காட்டினார்.

"நீங்கதான் குடுத்திருக்கிய" என்றார்.

கடிதம் அகில பாரத ஊர்ப் பேரவைகள் சம்மேளனத்தின் தாளில் இருந்தது. கூவைவிளைப் பேரவை உட்பட அப்பகுதி மக்கள் அனைவரும் குவாரி லாரிகளை மகிழ்ச்சியுடன் வரவேற்பதாக அதன் தேசியத் தலைவர் எழுதியிருந்தார்.

கூவைவிளை அந்தச் சம்மேளனத்தில் சேர்ந்தது பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு. சேர்ந்தால் காலண்டர் தருவதாகச் சொன்னார்கள், தந்தார்கள். அதற்கு மேல் ஒருவருக்கும் எதுவும் ஓர்மையில்லை.

"இதுல எங்க ஊரு ஆளு ஒருத்தரும் கையெழுத்துப் போடல்லியே சார்."

"உங்க தேசியத் தலைவர் ஒப்பிட்டிருக்காருல்லா? அவரு எழுதினா நீங்க எழுதின மாதிரி. அவரு வாபஸ் வாங்கினா நான் லாரிய நிப்பாட்டுதேன்."

இது டீச்சருக்கு நியாயமாகவே பட்டது. அன்று மத்தியானமே நாகர்கோவிலுக்குப் பஸ் ஏறினார்.

சம்மேளனத்தின் தேசியத் தலைமையகம் ஒரு பாத்திரக் கடையின் மேலே, இரண்டாம் மாடியில் இருந்தது. படியேறியதும் கண்ணில் படுவது, தலைவர்களின் பெயர்ப் பலகை. முதல் வரியில் 'டாக்டர் ஞானசிங்' என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே பத்தொன்பது வரிகளிலும் 'மேற்படி' என்று இருந்தது. இருபத்தோராவது வரிக்கு இடம் விட்டு, பென்சிலால் லேசாகக் கோடு போட்டு வைத்திருந்தார்கள்.

மேசைக்குப் பின்னால் இருந்த ஷிஜி என்ற பெண், டீச்சர் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டாள். பல பேரிடம் ஒரே பதிலைச் சொல்லிச் சலித்த முகம்.

"கடிதத்த வாபஸ் வாங்கணும்னா தேசியச் செயற்குழு கூடணும் டீச்சர்."

"எப்போ கூடும்?"

"செயற்குழுவுக்க காலம் முடிஞ்சு ஆறு வருசம் ஆச்சு. எலக்‌ஷன் நடந்தாத்தான் புதுக் குழு வரும்."

"எலக்‌ஷன் எப்போ?"

"தேர்தல் அதிகாரி கிட்டினா நடத்தலாம். நடுநிலையான ஆளா இருக்கணும். பைலாவுல அப்பிடித்தான் போட்டிருக்கு. ஆறு வருசமா தேடிட்டு இருக்காவ."

அப்போது உள்ளறைக் கதவு திறந்து, பொதுச் செயலாளர் ஆன்ட்ரூஸ் வெளியே வந்தார். கையில் பைலா, சம்மேளனத்தின் விதிப் புத்தகம், இருந்தது. அவர் குளிக்கும்போது மட்டும்தான் அதைக் கீழே வைப்பார் என்று ஷிஜி பிறகு சொன்னாள்.

"நடுநிலையாளர்னா யாருன்னு பிரிவு ஒம்பதுல தெளிவா இருக்கு" என்றார். "'சம்மேளனத்தைப் பற்றி யாதொன்றும் அறியாதவர்.' டீச்சர், உங்களுக்கு எங்களப் பத்தி என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது. காலண்டர் தெரியும்."

ஆன்ட்ரூஸ் அப்படியே டீச்சரின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். தேசியத் தலைவர் ஞானசிங் ஒரு பெரிய நாற்காலியில் இருந்தார். கேட்பவர் ஒருவரே என்றாலும் எழுந்து நின்றுதான் பேசுவார்.

"அம்மா! தேர்தல் வேண்டும், தேர்தல் வேண்டும் என்று ஆறு ஆண்டுகளாகத் துடித்துக்கொண்டிருப்பவன் நான். என்னைப்போல் தேர்தலுக்காக ஏங்கியவர் இந்த நாட்டில் இல்லை. தேர்தல் நடந்துவிட்டால் அந்த ஏக்கம் போய்விடுமே என்ற ஒரே வருத்தம்தான் எனக்கு. அந்தத் தியாகத்தையும் செய்யத் தயாராகிவிட்டேன். நடத்துங்கள்!"

பாதை என்ன ஆகும் என்று டீச்சர் கேட்டார். முறையான செயற்குழு வந்ததும் முதல் கூட்டத்திலேயே பாதை என்று ஆன்ட்ரூஸ் குறித்துக்கொண்டார். அப்படித்தான் ஜெபகுமாரி டீச்சர், கடிதம் ஒன்றை வாபஸ் வாங்கப் போய், ஒன்பது மாநிலங்களுக்குத் தேர்தல் அதிகாரியாகி வீடு திரும்பினார்.

முதல் வேலை வாக்காளர் பட்டியல். இருநூற்றுப் பன்னிரண்டு பேரவைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கு. டீச்சர் காலைச் சாப்பாடு முடிந்ததும் போனை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கூப்பிட்டார். மூன்று வாரம் ஆயிற்று. நாற்பத்தொரு பேரவைகள் உண்மையாகவே இருந்தன. மற்ற எண்களில் பல எடுக்கப்படவில்லை. எடுக்கப்பட்டவை அதைவிடச் சிரமம் தந்தன.

நாகாலாந்துப் பேரவையின் எண்ணை மார்த்தாண்டத்தில் ஒரு டயர் கடைக்காரர் எடுத்தார். அவர் ஆன்ட்ரூசின் மச்சினர்.

"ஆமா, நாகாலாந்துதான். சொல்லுங்க."

"பேரவையில எத்தற பேரு இருக்கிய?"

"நானும் பெஞ்சாதியும். அவளுக்கு நாகாலாந்து பிடிக்கல்ல. ஒடிசாவுக்கு மாறிட்டா."

லட்சத்தீவுப் பேரவைத் தலைவர் இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. டீச்சர் பட்டியலில் சிவப்பு மையால் கோடு போட்டுக்கொண்டு நாகர்கோவிலுக்குப் போனார். அந்தக் கோடுகளைப் பார்த்து ஆன்ட்ரூஸ் பதறிவிட்டார்.

"மரிச்சவங்கள நீக்க பைலாவுல வழி இல்ல டீச்சர். அவங்களா ராஜினாமாக் கடிதம் குடுக்கணும். இதுவரைக்கும் ஒருத்தரும் குடுக்கல்ல."

"மரிச்சவங்க எப்பிடிக் குடுப்பாவ?"

"அதான் சொல்லுதேன். அவங்களுக்கு நம்ம மேல அவ்வளவு விசுவாசம்."

பெயர்களை நீக்க முடியாது, ஆனால் நேரில் வந்து அடையாள அட்டை காட்டுபவருக்கு மட்டும்தான் சீட்டு கொடுப்பேன் என்று டீச்சர் சொன்னார். ஆன்ட்ரூஸ் பைலாவை முன்னும் பின்னும் புரட்டினார். பிறகு சிரித்த முகத்தோடு ஒப்புக்கொண்டார். அந்தச் சிரிப்பு ஏன் என்று டீச்சருக்கு அப்போது விளங்கவில்லை.

தலைவர் பதவிக்குப் போட்டியிட மயிலாடிப் பேரவையின் சத்தியராஜ் முன்வந்தார். அங்கே கல்பட்டறை வைத்திருப்பவர். நாள் முழுக்க உளிச் சத்தத்தில் இருப்பதால் மெல்லப் பேசினால் காதில் விழாது. ஆனால் அவர் பேசுவது மெல்லத்தான். டீச்சர் போனில் கூப்பிட்டபோது, "இப்பிடி ஒண்ணு இருக்குன்னே மறந்து போச்சு. ஒருத்தரும் நிக்கல்லேன்னா நான் நிக்கட்டா?" என்று கேட்டவர் அவர் ஒருவர்தான்.

வேட்பாளர் தகுதியானவர் என்று நடப்புத் தலைவர் சான்றிதழ் தரவேண்டும் என்பது பிரிவு பதின்மூன்று. ஞானசிங் தரமாட்டார் என்று டீச்சர் நினைத்திருந்தார். அவரோ எழுந்து வந்து சத்தியராஜைக் கட்டிக்கொண்டார்.

"எதிர்த்து நிற்க ஆளில்லாமல் இருபது முறை ஜெயித்தவன் நான். அந்த வெற்றிகளில் ஒரு ருசியே இல்லை. தம்பி, நீங்கள் தோற்க வேண்டும். ஆனால் நன்றாகத் தோற்க வேண்டும். ஜனநாயகம் உங்களை நம்பியிருக்கிறது."

"முயற்சி பண்ணுதேன்" என்றார் சத்தியராஜ். அவருக்குச் சரியாகக் கேட்டிருக்கவில்லை.

தேர்தல் ஒரு சனிக்கிழமை, நாகர்கோவிலில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. முதல் நாள் நடந்த கல்யாணத்தின் தெர்மோகோல் இதயம் மேடையில் அப்படியே இருந்தது. அதற்கு முன்னால் ஞானசிங் உட்கார்ந்திருந்தார். டீச்சர் எட்டு மணிக்குப் பெட்டியைக் கவிழ்த்து, காலியாக இருப்பதை எல்லோருக்கும் காட்டினார். அரக்கு உருக்கி முத்திரை வைத்தார். ஆள்காட்டி விரலில் மை வைக்கப்போனபோது ஒரு பெரியவர் நெகிழ்ந்து போனார். "எனக்க விரல்ல இந்தச் சங்கத்துக்காக மை வைப்பாவன்னு நினைக்கவே இல்ல" என்றார்.

நாற்பத்தொரு பேர் வந்து நாற்பத்தொரு சீட்டுகள் போட்டார்கள். நான்கு மணி அடித்ததும் டீச்சர் வாசலைச் சாத்தச் சொன்னார். எல்லோர் முன்னிலையிலும் எண்ணினார். சத்தியராஜ் முப்பது. ஞானசிங் பதினொன்று.

மண்டபத்தில் பிரியாணி அண்டாவின் மூடியைத் திறக்கும் சத்தம் மட்டும் கேட்டது. சத்தியராஜ் பக்கத்தில் இருந்தவரிடம் யாருக்கு எத்தனை என்று இரண்டு முறை கேட்டுத் தெரிந்துகொண்டு, தலையைக் குனிந்துகொண்டார். அவர் கண் கலங்கியிருந்ததை டீச்சர் பார்த்தார். ஜெயித்தவர் ஒருவர் இப்படி வெட்கப்பட்டு, பணிக்குப் போன எந்தத் தேர்தலிலும் டீச்சர் பார்த்ததில்லை. கூவைவிளைப் பாதை வெறிச்சென்று கிடப்பது மனக்கண்ணில் ஒரு கணம் தெரிந்தது.

ஆன்ட்ரூஸ் ஒலிபெருக்கியைக் கையில் எடுத்தார்.

"இது நேரில் வந்த வாக்கு. பிரிவு பதினேழு, ஆ-வின்படி இனி வராதவர்களின் வாக்கை எண்ண வேண்டும்."

"வராதவங்க எப்பிடி ஓட்டுப் போட்டாவ?" என்று டீச்சர் கேட்டார்.

பதில் சொல்ல ஞானசிங்கே எழுந்தார்.

"அம்மா, ஒருவர் ஏன் வாக்களிக்க வருகிறார்? மனதில் குறை இருப்பதால் வருகிறார். ஒருவர் ஏன் வரவில்லை? எந்தக் குறையும் இல்லாததால் வரவில்லை. என் ஆட்சியில் நூற்றெழுபத்தொரு பேரவைகள் குறையின்றி இருக்கின்றன என்பதை நினைக்கும்போது எனக்கே மலைப்பாக இருக்கிறது. அவர்களில் சிலர் இந்த உலகத்திலேயே இல்லை. அங்கிருந்தும் ஒரு புகார்கூட வரவில்லை! அந்த மௌனத்தை நாம் அவமதிக்கலாமா?"

கூட்டத்தில் சிலர் கைதட்டினார்கள். பந்திக்கு நேரமாகியிருந்தது. ஆன்ட்ரூஸ் கூட்டிப் பார்த்து, ஞானசிங் நூற்றெண்பத்திரண்டு, சத்தியராஜ் முப்பது என்று எழுதி, கீழே கையெழுத்துப் போடும்படி தாளை டீச்சரிடம் நீட்டினார்.

"நான் எண்ணினது நாப்பத்தொண்ணு" என்றார் டீச்சர். "அதுக்குத்தான் எனக்க கையெழுத்து."

"நீங்க ஒப்பிடாம முடிவ அறிவிக்க பைலாவுல வழி இல்லியே டீச்சர்."

"அப்போ அறிவிக்காண்டாம்."

ஆன்ட்ரூஸ் பைலாவைப் பார்த்தார். முப்பது வருடத்தில் முதல் முறையாக அது அவருக்கு ஒன்றும் சொல்லவில்லை. எல்லோரும் சாப்பிடப் போனார்கள். டீச்சர் காலியான மண்டபத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, நடந்ததை முதலிலிருந்து எழுதினார். பதினான்கு பக்கம் வந்தது. தேதியும் நேரமும் போட்டுக் கையெழுத்திட்டு, மடித்துப் பைக்குள் வைத்தார்.

ஒரு வாரம் கழித்து சம்மேளனம் விசாரணைக் குழு அமைத்தது. அமைப்புக் கூட்டத்தில் ஞானசிங் பேசினார்.

"இந்தத் தேர்தலில் முறைகேடு நடந்ததாகச் சொல்கிறார்கள். செய்ததாகச் சொல்லப்படுபவன் நான். அப்படியானால் என்ன நடந்தது என்று என்னைவிட நன்றாக அறிந்தவர் யார்? வெளியாள் ஒருவர் வந்து இதைப் புரிந்துகொள்ளவே பல வருடம் ஆகும். ஆகவே சம்மேளனத்தின் நேரத்தை மிச்சப்படுத்த, விசாரணைக் குழுத் தலைவர் பொறுப்பை நானே ஏற்கிறேன். நடுநிலை தவறக்கூடாது என்பதற்காக, தீர்ப்பு வரும்வரை தலைவர் பதவியிலிருந்து விலகி நிற்கிறேன். இனி நான் தலைவன் அல்ல. நீதிபதி!"

மறுநாள் மாடிப்படியருகே ஒரு பிளெக்ஸ் வைத்தார்கள். அதில் ஞானசிங் கையில் தராசு இருந்தது. இரண்டு தட்டிலும் அவர் படமே இருந்தது.

டீச்சருக்குச் சோர்வாக இருந்தது. பதினான்கு பக்கத்தையும் எடுத்துக்கொண்டு தாலுகா ஆபீசுக்குப் போனார். அங்கே ஒரு சமாதானமும் கிடைக்காது என்று தெரிந்தேதான் போனார். அதிகாரி அவரைப் பார்த்ததும் அலுத்துக்கொண்டார்.

"உங்க ஆளுகளால பெரிய எடங்கேறா இருக்கு டீச்சர். லாரி அனுமதி ஆறு மாசத்துக்குத்தான். புதுப்பிக்கணும்னா தலைவர் புதுசாக் கடிதம் தரணும். குவாரிக்காரர் தினமும் வந்து நிக்காரு. உங்களுக்கு இப்போ தலைவர் யாரு?"

"ஒருத்தரும் இல்ல சார். விசாரணை நடக்கு."

"அது முடியாம நான் எப்பிடி அனுமதி குடுப்பேன்? புதன்கிழமையோட பழசு முடியுது. லாரி நிப்பாட்ட வேண்டியதுதான்."

டீச்சர் பையைத் திறக்காமலே எழுந்து வந்துவிட்டார்.

வியாழக்கிழமை காலை கூவைவிளைப் பாதையில் சத்தமில்லை. குவாரிக்காரர் நாகர்கோவில் மாடியேறிப் போய்க் கையெழுத்துக் கேட்டதாகவும், "நீதிபதியின் பேனாவால் நான் கடிதமா எழுதுவது?" என்று ஞானசிங் அவரைத் திருப்பி அனுப்பியதாகவும் ஷிஜி போனில் சொன்னாள். அந்த மாதம் ஊரில் இரண்டு சாவு. இரண்டு பேரும் நேரத்துக்குக் கல்லறைத் தோட்டம் போய்ச் சேர்ந்தார்கள்.

முதல் விசாரணையில் நீதிபதிக்கு ஒரு சால்வையும் எல்லோருக்கும் மதியச் சாப்பாடும் இருந்தன. முக்கிய சாட்சி ஜெபகுமாரி. அவர் வாக்குமூலம் தந்தால் அன்றே தீர்ப்பு என்று ஆன்ட்ரூஸ் அறிவித்தார். தீர்ப்பு என்னவென்று எல்லோருக்கும் தெரியும். பெயர்ப் பலகையில் பென்சில் கோட்டின்மேல் பெயிண்ட் அடிக்க ஆள்கூட வந்து நின்றிருந்தான். டீச்சர் எழுந்து நின்றார். பைக்குள் கையை விட்டார். காகிதம் விரலில் பட்டது.

"இன்னும் எழுதி முடியல்ல. ஒரு மாசம் அவகாசம் வேணும்" என்றார்.

பள்ளிக்கூடத்தில் எத்தனையோ பிள்ளைகள் அவரிடம் இதே வாக்கியத்தைச் சொல்லி நின்றிருக்கிறார்கள்.

ஞானசிங் மகிழ்ந்துபோனார். அடுத்த அமர்வுக்கு இன்னொரு சால்வை உண்டு.

மூன்றாவது அவகாசத்துக்குப் பிறகு சத்தியராஜ் கூவைவிளைக்குத் தேடிவந்தார். வராந்தாவில் உட்கார்ந்து, கொடுத்த கட்டன்சாயாவைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். டீச்சர் எல்லாவற்றையும் சத்தமாக, அவருக்குக் கேட்கும்படி சொன்னார்: வாக்குமூலம் தந்தால் தீர்ப்பு வரும். தீர்ப்பு வந்தால் ஞானசிங் தலைவர். தலைவர் வந்தால் கடிதம். கடிதம் வந்தால் லாரி.

"எனக்கு அந்த நாற்காலி ஒண்ணும் வேண்டாம் டீச்சர்" என்றார் சத்தியராஜ். "ஆனா முப்பது பேரு பஸ் ஏறி வந்து ஓட்டுப் போட்டாவ. கொல்லத்துலேருந்துகூட ஒரு ஆளு வந்தாரு. நீங்க ஒழுங்கா நடத்துவியன்னு சொல்லித்தான் நான் அவரக் கூப்பிட்டேன். ரெண்டு நாள் முன்ன போன் பண்ணி, என்ன ஆச்சுன்னு கேக்காரு. நான் என்ன சொல்ல?"

சத்தியராஜ் வற்புறுத்தவில்லை. ஆறிப்போன சாயாவைக் குடித்துவிட்டு எழுந்தார். போகும்போது பாதையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டு பெண்கள் ரப்பர்ப் பால் வாளியோடு பாதை நடுவே, பின்னால் திரும்பிப் பார்க்காமல், பேசிக்கொண்டே போனார்கள்.

"செரி டீச்சர். நீங்க செய்யத செய்யுங்க" என்றார்.

அன்று இரவு டீச்சர் பதினான்கு பக்கத்தையும் எடுத்து வாசித்துவிட்டு, திரும்ப மடித்துப் பைக்குள் வைத்தார்.

ஏழாவது அமர்வு சென்ற மாதம் நடந்தது. டீச்சர் காலைப் பஸ்ஸில் போய், வழக்கம்போல எழுந்து நின்று அவகாசம் கேட்டார். இம்முறை முட்டுவலி என்று காரணம் சொன்னார், அது உண்மைதான். ஞானசிங் சபையைப் பார்த்துத் திரும்பினார்.

"அவசரப்பட்டு உண்மையைச் சொல்லிவிடாத இந்தப் பொறுப்புணர்வை எல்லா உறுப்பினர்களும் பின்பற்ற வேண்டும். ஆறு வாரம் அவகாசம் தருகிறேன்."

அமர்வு முடிந்து எல்லோரும் சாப்பிடப் போனார்கள். டீச்சர் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட மேசைக்கு வந்தார். ஷிஜி பதிவேட்டை நகர்த்திக் கொடுத்துவிட்டு, யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"டீச்சர், கேக்கேன்னு நினைக்காண்டாம். அந்த வாக்குமூலத்த நீங்க உண்மையிலே இன்னும் எழுதல்லியா?"

"எழுதியாச்சு. எலக்‌ஷன் அன்னைக்கே, அந்த மண்டபத்துல இருந்தே எழுதியாச்சு."

"பின்ன ஏன் குடுக்க மாட்டேங்கிய?"

டீச்சர் தேதி போட்டு, நேரம் போட்டு, பேனாவை மூடினார்.

"குடுத்தா இவிய நீதி வழங்கிருவாவ மக்கா."